பராக், பராக்: ஆனேக்கல் குறிப்புகள்

தேர்தல் முடிந்து பதவியேற்பும் நடந்துவிட்டால் ஆனேக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஃபிளெக்ஸ்கள் முளைத்துவிடும். பெரும்பாலும் கன்னடம், நடுவில் தெலுங்கு, அத்திப்பள்ளிப் பக்கம் போனால் தமிழும் உண்டு. தலைவர் எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார். கீழே தபால்தலை அளவில் வரிசையாக நிற்கும் முகங்கள் தலைவரை மட்டும் பார்க்கும். வாழ்த்து என்பது விண்ணப்பத்தின் முதல் பக்கம் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொஞ்ச நாளாக யூதர்களின் ஆசிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாயிரம் வருடம் பிறர் ஆட்சியில் குடியிருந்தவர்கள். ஆட்சிக்கு வந்தவரை எப்படி வாழ்த்துவது, எவ்வளவு வாழ்த்துவது, வாழ்த்தும்போதே தப்பிக்க வழி எப்படி வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. படிக்கப் படிக்க நம் புலவர்களும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். குறித்தவை கீழே, வரிசை ஒன்றும் பெரிதாகக் கிடையாது.

*

ரொட்டியைப் பிட்டால் ஓர் ஆசி. மின்னலைக் கண்டால் ஓர் ஆசி. வானவில்லுக்கு ஒன்று. அரசனைக் கண்டாலும் ஒன்று. எல்லாமே ‘பாரூக்’ என்ற சொல்லில்தான் ஆரம்பிக்கும். ஆசி பெற்றவர், போற்றப்படுபவர் என்று பொருள்.

அரசனுக்கான ஆசி யூத மரபு நூலான தல்மூத்தில், பெராக்கோத் என்ற பகுதியில் வருகிறது. யூத அரசன் என்றால், கடவுள் தன் மாட்சியைத் தன் அடியவருக்குப் பங்கிட்டார் என்று சொல்ல வேண்டும். வேற்று அரசன் என்றால், ரத்தமும் சதையுமான ஒருவனுக்குத் தன் மாட்சியிலிருந்து கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். இரண்டிலும் போற்றப்படுவது கடவுள்தான், அரசன் இல்லை. அவன் இரவல் வாங்கியவன். அவன் முகத்துக்கு நேரே நின்று அதைச் சொல்லிக்காட்டிவிட்டு, அவனைக் கௌரவித்ததாகவும் பேர் வாங்கிக்கொள்வது சாமர்த்தியம்தான்.

வேற்று அரசர்களையும் ஓடிப் போய்ப் பார்க்கச் சொல்கிறது அதே இடம். காரணம் என்ன தெரியுமா? பின்னால் யூத அரசன் வந்தால் வித்தியாசம் தெரிய வேண்டுமாம்.

*

குடியரசு வந்த பிறகு யூத குருமார்களான ரபிகளுக்கு ஒரு சிக்கல். ஜனாதிபதியைப் பார்த்தால் இந்த ஆசியைச் சொல்லலாமா? அரசன் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல், உயிரை எடுக்கவும் விடவும் ஒருவனுக்குத் தனி அதிகாரம் உண்டா என்பது. அந்த அதிகாரம் முழுதாக இல்லாதவர் என்றால் கடவுள் பெயரை விட்டுவிட்டு ஆசியின் மீதியைச் சொன்னால் போதும் என்று சிலர் தீர்ப்பு சொன்னார்கள்.

இந்த அளவுகோலை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் வேடிக்கை. அரசியல் சட்டத்தின் 72வது பிரிவு குடியரசுத் தலைவருக்கு மன்னிக்கும் அதிகாரம் தருகிறது. ஆனால் அமைச்சரவை சொல்கிறபடிதான் அவர் செய்ய முடியும். ஆளுநருக்கு 161வது பிரிவு. அங்கும் அதே கதை. பேரறிவாளன் வழக்கில் தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது, கோப்பு ஆளுநரிடம் கிடந்தது, பிறகு டெல்லிக்குப் போனது, கடைசியில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தன் 142வது பிரிவை எடுத்து விடுவித்தது. இதில் ராஜா யார்? ஒரு ரபியைக் கூட்டிவந்து கேட்டால் தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்படி அவர் திணறுவதுதான் குடியாட்சிக்கு நல்லது என்று படுகிறது.

*

அதே பெராக்கோத்தில் ரபி ஷெஷெத் கதை. அவருக்குக் கண் தெரியாது. ஊரே ராஜாவைப் பார்க்கப் போகிறது, அவரும் கிளம்புகிறார். ஒரு குதர்க்கக்காரன் கிண்டல் செய்கிறான்: நல்ல குடம் ஆற்றுக்குப் போகும், உடைந்த குடத்துக்கு அங்கே என்ன வேலை? முதல் படை ஆரவாரத்தோடு வந்தது. ராஜா வந்துவிட்டார் என்றான் அவன். இல்லை என்றார் ஷெஷெத். இரண்டாவது படை வந்தது, அப்போதும் இல்லை என்றார். மூன்றாவதாக எல்லாம் அடங்கியபோது, இப்போது வருகிறார் என்று சொல்லி எழுந்து ஆசி கூறினார்.

ஓசூர் சாலையில் சைரன் கேட்கும்போதெல்லாம் இந்தக் கதை ஞாபகம் வருகிறது. அவ்வளவு சத்தத்தோடு போகிறவர் இன்னும் ராஜா ஆகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

*

ஏன் வாழ்த்த வேண்டும்? இதற்கு இரண்டு பழைய விடைகள்.

ஒன்று, தீர்க்கதரிசி எரேமியா பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். எந்த நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டீர்களோ அதன் நன்மைக்காக வேண்டிக்கொள்ளுங்கள், அதன் நலத்தில்தான் உங்கள் நலம் என்கிறார். வாழ்த்தச் சொல்வது நகரத்தை. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் பெயரைச் சொல்லி அவன் நீடூழி வாழ வேண்டச் சொல்லவில்லை.

இன்னொன்று, ஆசாரியர்களுக்குத் துணைத்தலைவராக இருந்த ரபி ஹனீனாவின் சொல். அரசாங்கத்தின் நலத்துக்காக வேண்டிக்கொள், அதன் பயம் இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் உயிரோடு விழுங்கிவிடுவார்கள் என்பது கருத்து. அவர் சொன்ன அரசாங்கம் ரோமாபுரி அரசாங்கம். கி.பி. 70இல் எருசலேம் கோயிலை இடித்தது அதே ரோமாபுரிதான். அவர் வேண்டுவதில் அன்பு ஒரு துளிகூட இல்லை, கணக்கு மட்டும்தான். தல்மூத் இதை விளக்கும்போது மீனைக் கொண்டுவருகிறது: பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும், மனிதரும் அப்படித்தான்.

இது நமக்கு மத்ஸ்ய நியாயம். கௌடில்யர் அர்த்தசாஸ்திரத்தில் இதைத்தான் சொல்கிறார். தண்டம் இல்லாத இடத்தில் மீன் விதி நடக்கும், அது தாங்காமல் மக்கள் மனுவை ராஜாவாக்கி விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு தர ஒப்புக்கொண்டார்கள் என்று. யார் யாரிடம் கற்றார்கள் என்ற ஆராய்ச்சியில் எனக்கு ஆசை இல்லை. குளமும் மீனும் இருந்த ஊரிலெல்லாம் இந்த எண்ணம் தானாகவே வந்திருக்கும்.

*

அரசருக்கான யூதப் பிரார்த்தனைக்கு ‘ஹனோத்தேன் தெஷுவா’ என்று பெயர். அரசர்களுக்கு வெற்றி தருபவன் என்று ஆரம்பிக்கும். நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அந்தந்த ஊர், அந்தந்தக் காலத்து அரசரின் பெயரை அதில் போட்டுக்கொள்ளலாம்.

1655இல் மெனாசே பென் இஸ்ரேல் என்ற ஆம்ஸ்டர்டாம் ரபி, யூதர்களை மறுபடி இங்கிலாந்தில் குடியேற விடச் சொல்லி அப்போது அங்கே ஆண்டுகொண்டிருந்த கிராம்வெல்லுக்கு மனுப் போட்டபோது, எங்கள் விசுவாசத்துக்கு இதோ அத்தாட்சி என்று இந்தப் பிரார்த்தனையைச் சேர்த்துக் காட்டினார். 1663 அக்டோபரில் டைரிக்குப் பேர்போன சாமுவேல் பெப்பிஸ் லண்டன் ஜெபாலயத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனார். பண்டிகை நாள். கூச்சலும் ஆட்டமும் கண்டு முகம் சுளித்தவர், முடிவில் ராஜாவுக்கான பிரார்த்தனையை மட்டும் கவனித்து டைரியில் எழுதியிருக்கிறார். ராஜாவின் பெயரைப் போர்த்துகீசிய உச்சரிப்பில் சொன்னார்களாம், மற்றதெல்லாம் ஹீப்ருவில்.

பெப்பிஸுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிரார்த்தனையின் முதல் வரி 144ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. அந்தச் சங்கீதத்தில் அடுத்து வருவது, பொய் பேசும் அந்நியரின் கையிலிருந்து என்னை விடுவி என்ற வேண்டுதல். இன்னொரு வரி ஏசாயாவிலிருந்து. அதற்குச் சற்று முன்னால் இருப்பது பாபிலோனின் வீழ்ச்சி. மேற்கோள் அங்கேயே நின்றுவிடுகிறது. மீதி மனப்பாடமாக இருப்பவர்களுக்கு நிற்காது, மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அரசரின் அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவார், பின்வரிசைக் கிழவர் வேறு எதற்கோ தலையாட்டுவார்.

இதை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டுமென்றே வைத்ததா, தற்செயலா என்று வாதம் நடத்தலாம். எனக்கு வேண்டுமென்றே வைத்ததாகத்தான் தோன்றுகிறது. வேதம் முழுவதும் நெட்டுருவாக இருந்த ஆட்கள், அடுத்த வரி தெரியாமலா எடுத்திருப்பார்கள்?

*

இடைவெளி என்றதும் ஞாபகம் வருவது இந்த வட்டாரத்துக் கல்வெட்டுகள். லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட ‘எபிகிராஃபியா கர்நாடிகா’ ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டத்துக்கானது, அதில் ஆனேக்கல் வட்டமும் உண்டு. புரட்டினால் தமிழ்க் கல்வெட்டுகள் வந்துகொண்டே இருக்கும். கங்கர் நாட்டைச் சோழர் பிடித்தபின் நிலத்துக்கே அவர்கள் பட்டப்பெயரை வைத்தார்கள். கிழக்கே நிகரிலி சோழமண்டலம், தெற்கே முடிகொண்ட சோழமண்டலம்.

கல்வெட்டின் தலையில் அரசன் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி என்ற வழக்கத்தை ஆரம்பித்தது முதலாம் ராஜராஜன். ஒவ்வொரு அரசனுக்கும் ஒரு தொடக்கம். முதல் இரண்டு சொல்லைப் பார்த்ததும் இன்ன ராஜா என்று கல்வெட்டுக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். போர்கள், பிடித்த ஊர்கள், நிலமகள், திருமகள் எல்லாம் வரிசையாக வந்துவிட்டு, அதற்கப்புறம்தான் விஷயம்: ஒரு விளக்கு, கொஞ்சம் நிலம், ஓர் ஏரி, யார் எவ்வளவு தர வேண்டும்.

1116 வாக்கில் போசள விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைப் பிடித்துத் ‘தலக்காடு கொண்ட’வன் ஆனான். கங்கை கொண்டவனும் கடாரம் கொண்டவனும் இருந்த இடத்தில் இன்னொரு கொண்டவன். ஆனால் இந்தப் பக்கத்துக் கோயில் சுவர்களில் தமிழ் நிற்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் போசள ராமநாதன் காலத்திலும் தமிழிலேயே வெட்டினார்கள். உளி வைத்திருந்த கைகளுக்கு ராஜா மாறினால் ஒன்றும் ஆகவில்லை, பெயர் வருகிற இடத்தில் வேறு பெயர் வந்தது.

பட்டங்களில் எனக்குப் பிடித்தது ‘சுங்கம் தவிர்த்த சோழன்’. முதலாம் குலோத்துங்கனுக்கு வந்தது. இன்னொரு பட்டமான மதுராந்தகன் என்றால் மதுரைக்கு எமன். அதை அரண்மனை யோசித்திருக்கும். சுங்கம் தவிர்த்தவன் என்பது சந்தையில் பிறந்த பட்டமாகத்தான் இருக்க வேண்டும். அதில் ஒரு மிரட்டலும் ஒளிந்திருக்கிறது: மறுபடி சுங்கம் போட்டால் இந்தப் பெயரை எங்கே கொண்டுபோய் வைப்பாய்?

*

தொல்காப்பியர் செய்யுளியலில் வாழ்த்தை வகை பிரிக்கிறார். புறநிலை வாழ்த்து: நீ வழிபடும் தெய்வம் உன்னைக் காக்கட்டும், உன் வழிவழி பெருகட்டும். வாயுறை வாழ்த்து: இப்போது கசக்கும், பின்னால் நன்மை செய்யும். வேம்பின் கசப்போடு ஒப்பிடுகிறார். செவியறிவுறூஉ: பெரியோர் நடுவில் பொங்காமல் அடங்கி நட என்று காதில் போடுவது.

கசப்பைச் சொல்வதையும் வாழ்த்து என்றே பெயரிட்டு வைத்த இலக்கணம் இது. நமக்கு இப்போது மிஞ்சியிருப்பது முதல் வகை மட்டும். மற்ற இரண்டையும் செய்தால் ‘எதிர்க்கட்சிக்காரன்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

*

எழுத்துக்கு எண் கொடுத்துக் கூட்டுவதுதான் கெமட்ரியா. ஹீப்ருவில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். பூரிம் பண்டிகை எஸ்தர் கதையைக் கொண்டாடுவது; அதில் ஆமான் வில்லன், மொர்தெகாய் நாயகன். ‘சபிக்கப்பட்டவன் ஆமான்’ என்ற தொடரையும் ‘ஆசி பெற்றவன் மொர்தெகாய்’ என்ற தொடரையும் கூட்டினால் இரண்டும் 502. பூரிம் அன்று இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் குடிக்க வேண்டும் என்று தல்மூத் சொல்கிறது. கணக்குப் போட்டவரும் குடிக்கச் சொன்னவரும் வாழ்த்துக்கும் வசைக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்தவர்கள்.

‘மஷியாக்’, அதாவது மீட்பர், 358. ‘நாஹாஷ்’, பாம்பு, அதுவும் 358.

பெயர்க் கணக்கை நம்பி ஊரே ஏமாந்த வரலாறும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் துருக்கிய ஆட்சிக்குட்பட்ட ஸ்மிர்னாவில் ஷப்தாய் ஸ்வி என்பவர் தானே மீட்பர் என்று கிளம்பினார். அவர் பெயரைக் கூட்டினால் 814. கடவுளின் பெயர்களில் ஒன்றான ஷத்தாய் என்பதை எழுத்து எழுத்தாக விரித்துக் கூட்டினாலும் 814. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஏமன் வரை மக்கள் மூட்டை கட்டினார்கள். 1666இல் சுல்தான் முன்னால் நிறுத்தியதும் அவர் தலைப்பாகை மாற்றி இஸ்லாத்துக்கு மாறிவிட்டார். கூட்டல் கடைசிவரை சரியாகத்தான் இருந்தது.

*

நம் பாட்டியல் நூல்களும் சளைத்தவை அல்ல. ஒருவர்மேல் பிரபந்தம் பாட பத்துப் பொருத்தம் பார்க்க வேண்டும்: மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம். தானப் பொருத்தம் என்பது பாட்டுடைத் தலைவன் பெயரின் முதலெழுத்திலிருந்து எண்ணுவது. பாலன், குமரன், அரசன், மூப்பு, மரணம் என்று ஐந்து படி. நூலின் முதலெழுத்து முதல் மூன்றுக்குள் விழ வேண்டும். மரணத்தில் விழுந்தால் தலைவனுக்கு ஆகாது. உண்டிப் பொருத்தத்தில் அமுதெழுத்து, நச்செழுத்து என்று பிரிவு. கல்யாணத்துக்குப் பார்க்கும் அதே கவலையோடு பாட்டுக்கும் பார்த்திருக்கிறார்கள்.

இவ்வளவு காவல் எதற்கு? வாழ்த்து கொல்லும் என்று நம்பியதால். நந்திக் கலம்பகக் கதை எல்லாருக்கும் தெரியும். தெள்ளாற்றில் வென்ற மூன்றாம் நந்திவர்மனுக்கு, அவனைப் புகழ்ந்தே அறம் வைத்துப் பாடினார்களாம். தமிழ்மேல் ஆசைப்பட்டுக் கேட்டுக் கேட்டு, கடைசிப் பாட்டில் உட்கார்ந்திருந்த பந்தலோடு எரிந்து போனானாம். கதைதான். ஆனால் அந்தக் கதையை விரும்பி விரும்பிச் சொல்லிவந்திருக்கிறோம். காளமேகம் திருமலைராயன் பட்டினத்தை மண்மாரி பெய்யச் சபித்த கதையும் அந்த ரகம். சிலேடைக்குப் பேர்போன கவிஞரே சாபத்துக்கும் பேர்போனவராக இருப்பது தற்செயல் இல்லை.

*

நெப்போலியன் விஷயத்தில் யூதர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 1807இல் பாரிஸில் அவன் கூட்டிய சன்ஹெத்ரின் சபையில் அவனுக்கு ஹீப்ருவில் புகழ்மாலைகள் குவிந்தன. அடைத்துவைத்த குடியிருப்புகளின் கதவைத் திறந்துவிட்டவன் அல்லவா.

கிழக்கே வேறு மாதிரி. போலந்துப் பக்கம் கோஷ்னிட்ஸ் ஊரின் ரபி இஸ்ரேல் அவன் பெயரையே பிரித்துவிட்டார் என்பார்கள். எஸ்தர் புத்தகத்தில் ஆமானுக்குச் சொல்லப்படும் ‘நாஃபோல் திப்போல்’, விழுவாய், விழுந்தே தீர்வாய், என்பது நெப்போலியன் என்ற பெயரில் அவருக்குக் கேட்டது. ரிமனோவ் ஊரின் ரபி மெனாகெம் மெண்டல் நெப்போலியன் பக்கம். லியாதி ஊரின் ஷ்னேயூர் ஸல்மான் ரஷ்ய ஜார் பக்கம். நெப்போலியன் வென்றால் யூதர்களுக்குச் செல்வம் வரும், ஆனால் நெஞ்சு கடவுளிடமிருந்து விலகிவிடும் என்பது அவருடைய வாதம். பிரெஞ்சுப் படை நெருங்கியபோது ஓடிப்போய் 1812 குளிர்காலத்தில் வழியிலேயே இறந்தார்.

மூவரும் பக்திமான்கள், மூவருக்கும் ஒரே வேதம். பெயருக்குள் ஏதோ எழுதியிருக்கிறது என்று நினைப்பவர், முதலில் தன் மனதில் எழுதியிருப்பதைத்தான் அங்கே படிக்கிறார்.

*

1789இல் அமெரிக்காவுக்குப் புதிதாக ஒரு தலைவர், உலகத்துக்கே புதிதான ஒரு பதவி. வர்ஜீனியாவில் ரிச்மண்ட் நகரத்து யூத சபை ஹீப்ருவில் ஒரு பிரார்த்தனை இயற்றியது. அதன் வரிகளின் முதலெழுத்துகளைக் கோத்தால் வாஷிங்டன் என்று வரும். ராஜாவுக்கென்று இருந்த பழைய பிரார்த்தனை ஜனாதிபதிக்குப் பொருந்தாததால் புதிதாகவே கட்டினார்கள்.

நம் கல்யாண வாழ்த்துமடல்களில் மணமக்கள் பெயரெழுத்தில் வரி ஆரம்பிக்கும். கண்ணாடிச் சட்டம் போட்டு மேடையில் தமிழாசிரியர் நீட்டி முழக்கிப் படிப்பார். சாப்பாட்டுக்கு நேரமாகும். வாஷிங்டனுக்குச் செய்தது ஏறக்குறைய இதுதான். ஒரு வித்தியாசம்: எழுத்துகளை வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டு வேண்டுதலைக் கடவுளிடமே வைத்தார்கள்.

*

2009 ஜனவரியில் பராக் ஒபாமா பதவியேற்றபோது ஹீப்ரு தெரிந்தவர்களுக்குக் கொண்டாட்டம். அவர் பெயர் ஆப்பிரிக்க சுவாஹிலி வழியாக அரபியின் ‘பரக்கத்’தோடு சேர்ந்தது. நம் ஊர் முஸ்லிம் கடைகளில் ‘பரக்கத்’ என்று பெயர்ப்பலகையில் பார்க்கிறோமே, அதே சொல். ஹீப்ருவில் அதன் உறவு ‘பாரூக்’. எந்த ஆசியும் எந்தச் சொல்லில் ஆரம்பிக்குமோ அதுவே ஜனாதிபதியின் பெயர்.

இதே ஒலியில் இன்னொரு சொல்லும் உண்டு. இஸ்ரேலின் முன்னாள் பிரதமர் எஹுத் பராக்கின் பெயரில் இருப்பது அது, மின்னல் என்று பொருள். கடைசி எழுத்து வேறு: ஆசிக்கு ‘காஃப்’, மின்னலுக்கு ‘கோஃப்’. அதே 2009இல் ஒரு வீடியோ பரவியது. சாத்தான் மின்னலைப் போல விழக் கண்டேன் என்று லூக்கா சுவிசேஷத்தில் இயேசு சொல்வதை எடுத்து, மின்னலையும் மேட்டையும் ஹீப்ருவில் சேர்த்தால் ‘பராக் ஒபாமா’ வருகிறது, ஆகவே இவர்தான் அந்திக்கிறிஸ்து என்றது. லூக்கா கிரேக்கத்தில் எழுதியது, அந்த வசனத்தில் மேடு என்ற சொல்லே கிடையாது என்பதெல்லாம் பார்த்தவர்களுக்குத் தேவைப்படவில்லை. காஃபைக் கோஃபாக்கினால் போதும், ஆசி பெற்றவன் சாத்தான் ஆகிவிடுகிறான்.

தமிழுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. நம் நாடகத்தில் ராஜா வரும்போது கட்டியக்காரன் கூவுவது ‘பராக்! பராக்!’ கவனம், வருகிறார் என்று அர்த்தம். அதே சொல்லை வைத்துத்தான் ‘பராக்குப் பார்க்காதே’ என்று பிள்ளையைத் திட்டுகிறோம். கவனி என்பதும் கவனமில்லாமல் வேடிக்கை பார்ப்பது என்பதும் ஒரே சொல்லில். புதிய தலைவர் வரும்போது ஜனங்கள் செய்வது இரண்டில் எது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

*

ஒபாமாவுக்கு முன்பே நம் பக்கத்தில் ஒரு பராக் இருந்தார். கொச்சியின் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). சென்னையில் படித்த வழக்கறிஞர், கொச்சி சட்டசபை உறுப்பினர், 1929 லாகூர் காங்கிரஸுக்குப் போனவர். எர்ணாகுளத்தில் அவர் நின்று பேசிய மேட்டைச் சேலம் குன்று என்றார்கள். யூத காந்தி என்றும் சொன்னார்கள்.

மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெபாலயம் 1568இல் கட்டியது, கொச்சி ராஜாவின் அரண்மனையை ஒட்டியது. போர்த்துகீசியர் துரத்தியபோது இடம் கொடுத்தவர் ராஜா. அரச ஆதரவுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் அதே ஜெபாலயத்துக்குள் சேலம் பிறந்த பிரிவினருக்குச் சம இடம் இல்லை. அடிமை வழி வந்தவர்கள் என்று சொல்லி அவர்களை ஒதுக்கி உட்காரவைத்தார்கள், வேதச் சுருளான தோராவைப் படிக்கக் கூப்பிடவில்லை. வெளியே காந்தியிடம் கற்ற சத்தியாகிரகத்தை சேலம் ஜெபாலயத்துக்கு உள்ளே கொண்டுவந்து உட்கார்ந்தார். தடைகள் மெல்ல மெல்ல விலகின.

எந்நேரமும் பாரூக், பாரூக் என்று ஒலித்த கூடத்தில் ஒரு பராக் உட்கார இடம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. ராஜாவிடம் நியாயம் கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் பக்கத்து இருக்கைக்காரனுக்கு நியாயம் தருவதில்லை. நம் கோயில் வாசல்களை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

*

கொச்சி யூதர்களின் செப்பேடு சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஈசுப்பு இரப்பானுக்குக் கொடுத்தது, காலம் கி.பி. 1000ஐ ஒட்டி. எழுத்து வட்டெழுத்து. மொழியைத் தமிழென்று நாமும் மலையாளமென்று அவர்களும் சொல்லிக்கொள்ளலாம், படித்தால் இருவருக்கும் பாதி புரியும். கொடுத்தவை: அஞ்சுவண்ண உரிமை, 72 விடுபேறு, பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, முரசு. உலகும் சந்திரனும் உள்ளளவும் செல்லும். இங்கே ராஜா ஒரு யூதரை வாழ்த்துகிறார், அதுவும் வெறும் வார்த்தையால் அல்ல. சுங்கவிலக்கு எழுத்தில் இருக்கிறது.

2017 ஜூலையில் மோடி இஸ்ரேல் போனபோது (இந்தியப் பிரதமர் ஒருவர் போனது அதுவே முதல்முறை) நெதன்யாகுவுக்குப் பரிசாகக் கொடுத்தவற்றில் கேரளத்து யூதச் செப்பேடுகளின் நகல்களும் இருந்தன. ஆயிரம் வருடத்துக்கு முன் சலுகைகளாக இருந்தவை, நகலில் நினைவுப் பொருளாகிவிட்டன.

*

பெங்களூர்க் கணக்கில் ஒன்று. மைசூர் சாலையில் யூதர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1904இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் இடம் கொடுத்தார். ஆனேக்கலும் அவருடைய சமஸ்தானம்தான். பசவப்ப சாஸ்திரி இயற்றிய ‘காயௌ ஸ்ரீ கௌரி’ மைசூரின் அரச வாழ்த்துப் பாட்டு, ராஜாவைக் காக்கச் சொல்லிக் கௌரியிடம் வேண்டுவது. 1947க்குப் பின் ராஜாவும் போனார், பாட்டுக்கும் வேலை போனது. கல்லறைக்கு அளித்த இடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனேக்கல் என்ற பெயருக்கே ஊரில் இரண்டு பொருள் சொல்வார்கள். யானைக்கல் என்றும், கன்னடத்தில் ஆலங்கட்டி என்றும். வாழ்த்துக்கு வேண்டுமா, யானை இருக்கிறது. வசைக்கு வேண்டுமா, விளைந்து நிற்கும் ராகியைச் சாய்க்கும் ஆலங்கட்டி இருக்கிறது.

*

மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழா 2023 மே 6, சனிக்கிழமை. ஓய்வுநாளில் வண்டி ஏறக் கூடாது என்பதால் தலைமை ரபி எஃப்ரயீம் மிர்விஸையும் மனைவியையும் முந்தின இரவே செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை வளாகத்தில் தங்கவைத்தார்கள், காலையில் நடந்து வந்தார்கள். பிறமதத் தலைவர்கள் சேர்ந்து அரசருக்கு வாழ்த்துச் சொன்ன கட்டத்தில் ஒலிபெருக்கி வைக்கவில்லை, அதுவும் ரபிக்காக. ஒலிபெருக்கி இல்லாத வாழ்த்து என்பதை எங்கள் பக்கத்தில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

*

‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ இசை நாடகத்தில் (1964) ஒரு கிராமத்து ரபியிடம் ஜாருக்கென்று ஆசி உண்டா என்று கேட்பார்கள். உண்டு, கடவுள் அவரைக் காப்பாற்றி நம்மிடமிருந்து வெகுதூரத்தில் வைக்கட்டும் என்ற பொருளில் பதில் வரும். சிரிப்புக்காக எழுதியதுதான். ஆனால் ஹனோத்தேன் தெஷுவாவின் மறைந்த வரிகளைப் பார்த்தபின் அது அவ்வளவு பெரிய கற்பனையாகத் தெரியவில்லை.

*

இதையெல்லாம் படித்தபின் எந்த வாழ்த்தைக் கண்டாலும் மூன்று கேள்வி கேட்கிறேன்.

பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டால் வாழ்த்து நிற்குமா? நின்றால் அது பதவிக்கு, நிற்காவிட்டால் அது ஆளுக்கு. ஷப்தாய் ஸ்விக்குப் போட்ட 814 வேறு யாருக்கும் பொருந்தாது, ஆபத்தும் அதில்தான் இருந்தது. ஹனோத்தேன் தெஷுவாவில் இருந்த இடைவெளி எத்தனையோ ராஜாக்களைப் பார்த்துவிட்டது.

வாழ்த்துபவர் தனக்கில்லாமல் வேறு யாருக்காவது ஏதாவது கேட்கிறாரா? எரேமியா நகரத்துக்குக் கேட்டார். மெய்க்கீர்த்திக்குக் கீழே ஏரி இருந்தது.

கசப்பு ஒரு சொட்டாவது இருக்கிறதா? தொல்காப்பியர் வாயுறையை வாழ்த்தில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. இனிப்பு மட்டும் வேண்டும் என்று கேட்கிற தலைவர் நந்திவர்மன் உட்கார்ந்த பந்தலில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரை எரிக்க யாரும் அறம் வைத்துப் பாட வேண்டியதில்லை, புகழ்கிறவர்களே போதும்.